அகராதியும் கணிப்பொறியும்

வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் சதுரகராதியை இயற்றினார். சொல்லைத் தேடினால் பொருள் கிட்டும். அதுவே அகராதியின் பயன்.

பைத்தான் என்னும் கணினிமொழியிலும் அகராதி என்னும் அமைப்பு உண்டு. அதில் சொல்லின் இடத்தில் திறவுகோலும், பொருளின் இடத்தில் மதிப்பும் நிற்கும். சென்னையின் மேற்கே, மண்ணூர்பேட்டைக்கு அப்பாலுள்ள ஊர்களின் அஞ்சல் குறியீட்டெண்களைத் திறவுகோலாகக் கொள்வோம். 600053 அம்பத்தூர், 600054 ஆவடி, 600056 பூந்தமல்லி. எண்ணைக் கொடுத்த அளவில் ஊர் வெளிப்படும். கணிப்பொறி ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. திறவுகோலைக் கொண்டே இருப்பிடத்தைக் கணக்கிட்டு அறிகிறது.

ஆயினும், ஒரு திறவுகோலுக்கு ஒரு மதிப்பே உண்டு. அதே எண்ணுக்கு வேறோர் ஊரை எழுதின், முன்னது எச்சரிக்கையின்றி மறையும். பல ஊர்கள் ஓர் எண்ணுக்கு உரியனவாயின், அவற்றைத் தொகுத்து ஒரே மதிப்பாக வைத்தல் வேண்டும்.