இலவச வீட்டுக்குப் பணம் போடுவது யார்?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள். பிழைப்புத் தேடி மும்பைக்கு ரயிலேறி வந்த நம்மவர்களுக்கு இந்தப் பழமொழியின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் பத்துக்குப் பத்து ரூமில் மூன்று தலைமுறை கண்ட குடும்பங்கள் உண்டு. அந்த ரூமுக்குப் பதிலாக மாடி வீடு, அதுவும் இலவசமாக வரப் போகிறது என்று காதில் விழும்போது மனம் குளிர்வது இயல்புதான்.

ஆனால் செங்கல்லும் சிமெண்டும் யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் பணம் போட்டாக வேண்டும். அந்தப் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், வீடு எங்கே வரும், எவ்வளவு காலம் தாமதமாகும், நம்மிடம் என்னென்ன கேட்பார்கள் என்பதும் பெருமளவு விளங்கிவிடும்.

மாநகராட்சி தருவது என்ன?

நமது நாட்டு மாநகராட்சிகளிலேயே மிகப் பெரிய பட்ஜெட் மும்பையினுடையது. 2025-26ஆம் ஆண்டுக்கு அது போட்ட பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். இருந்தும், குடிசைவாசிகளுக்கு வீடு கட்டும் செலவு பெரும்பாலும் அந்தக் கஜானாவிலிருந்து வருவதில்லை. தண்ணீர்க் குழாய், பொதுக் கழிப்பிடம், சாக்கடை, பாதை என்ற அளவில்தான் மாநகராட்சியின் கை நீண்டு வந்திருக்கிறது. 1971இல் மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. 1976 ஜனவரியில் குடிசைகளைக் கணக்கெடுத்து 'போட்டோ பாஸ்' வழங்கினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய அட்டை அதுதான்.

அரசாங்கம் நேரடியாகப் பணம் ஒதுக்கிய காலமும் உண்டு. 1985இல் காங்கிரஸ் கட்சியின் நூற்றாண்டு விழாவையொட்டி மும்பை வந்த பிரதமர் ராஜீவ் காந்தி, இந்நகருக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் சுமார் 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. சில கட்டடங்கள் எழுந்தன, சாலைகளும் சாக்கடைகளும் சீர்பட்டன. ஆனால் தாராவி முழுவதற்கும் வீடு கட்ட அது எம்மாத்திரம்!

வானத்தை விற்றுக் கட்டிய வீடு

பணம் போதவில்லை என்றதும் அரசு வேறொரு வழி கண்டது. ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். ஆயிரம் சதுர அடி மனையில் எஃப்.எஸ்.ஐ. ஒன்று என்றால் ஆயிரம் சதுர அடி கட்டலாம். அதையே இரண்டரை ஆக்கினால் 2,500 சதுர அடி கட்டலாம். கூடுதலாகக் கிடைப்பது வெறும் வானம்தான். ஆனால் மும்பையில் அந்த வானத்துக்கு விலை உண்டு.

1991இல் குடிசைச் சீரமைப்புக்கென்று எஃப்.எஸ்.ஐ.யை 2.5 வரை உயர்த்தினார்கள். 1995இல் புதிதாக வந்த மாநில அரசு, 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று முழங்கி, எஸ்.ஆர்.ஏ. என்னும் குடிசை மறுவாழ்வு ஆணையத்தை அமைத்தது. பில்டர் தம் செலவில் குடிசைவாசிகளுக்கு வீடு கட்டித் தர வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைக்கும் கூடுதல் தளப்பரப்பை வெளிச்சந்தையில் விற்றுக்கொள்ளலாம். அந்த இடத்திலேயே கட்ட முடியாத பங்கை டி.டி.ஆர். என்ற உரிமையாக வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். குடும்பத்துக்கு 225 சதுர அடி என்று தொடங்கியது, பின்னர் 269 ஆகி, 2018 விதிகளில் 300 ஆனது.

ஆக, அரசும் மாநகராட்சியும் ரொக்கம் தரவில்லை. கட்டும் உரிமையைத் தந்தன. நிலமும் தந்தன. பொது நிலத்தில் இத்திட்டம் வந்தால், ரெடி ரெக்னர் மதிப்பில் நூற்றுக்கு 25 பங்கைப் பில்டர் பிரீமியமாகக் கட்டினால் போதும் என்று விதி செய்தார்கள். மிச்ச முக்கால் பங்கு பொதுமக்களின் சொத்து. எந்த பட்ஜெட்டிலும் செலவாக எழுதப்படாத மானியம் அது.

இந்த ஏற்பாட்டின் குணம் என்ன? நிலத்தின் விலை உயர்ந்த இடத்துக்குப் பில்டர் ஓடி வருவார். விலை குறைந்த இடத்துக்கு வரமாட்டார். பிளாட்டுகள் விற்கும் காலத்தில் வேலை நடக்கும், சந்தை படுத்தால் வேலையும் படுத்துவிடும். குடிசையை இடித்துவிட்டு, மாத வாடகை தருவதாகச் சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்கள் வாடகையும் நின்று, கட்டடமும் நின்று, ஆண்டுக்கணக்கில் அல்லாடியது இதனால்தான். தொடக்கத்தில் வைத்த இலக்கு 8 லட்சம் வீடுகள். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

மீண்டும் பொதுப் பணம்

இந்த அனுபவத்துக்குப் பிறகு காற்று சற்றுத் திசை மாறியிருக்கிறது. முடங்கிய எஸ்.ஆர்.ஏ. திட்டங்களை மாநகராட்சி, மாடா, எம்.எம்.ஆர்.டி.ஏ. போன்ற பொது அமைப்புகளே எடுத்து முடிக்கலாம் என்று மாநில அரசு 2024இல் முடிவு செய்தது. காட்கோபர் கிழக்கில் ரமாபாய் அம்பேத்கர் நகரும், நம் பெருந்தலைவர் பெயரைத் தாங்கிய காமராஜ் நகரும் இதற்கு முதல் பெரிய சோதனை. 16,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் மறுவாழ்வை எம்.எம்.ஆர்.டி.ஏ. ஏற்றிருக்கிறது. வாடகைப் பணத்தையும் பில்டரை நம்பி நிற்காமல் அந்த அமைப்பே தருகிறது.

தாராவியின் கதை வேறு. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி நிறுவனம் திட்டத்தைப் பெற்றது. அமைக்கப்பட்ட கம்பெனியில் மாநில அரசுக்கு நூற்றுக்கு 20 பங்கு உண்டு. இங்கும் வீட்டுச் செலவை ஈடுகட்டப் போவது விற்பனைத் தளப்பரப்புதான்.

மத்திய அரசின் பணம் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வழியாக வருகிறது. 2015இல் தொடங்கிய இத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டில் ஒரு கோடி நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உதவ 2.30 லட்சம் கோடி ரூபாய் என்பது கணக்கு. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்கள், வருமானத்துக்குத் தக்க பிரிவுகளில் விண்ணப்பிக்கலாம்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தேதி. 2000 ஜனவரி 1க்கு முன் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால் வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். தாராவியிலோ இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையானது. முதல் வகையினருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. இரண்டாம் வகையினருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மாடிப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியேதான், அதுவும் வாடகைத் தவணை முறையில். ஒரு பழைய மின்சார பில் ஒரு குடும்பத்தின் முகவரியையே முடிவு செய்துவிடும்!

இரண்டாவது, பெயர். போட்டோ பாஸ் அப்பா பெயரில் இருக்கும். அவர் ஓய்வு பெற்று ஊரோடு போயிருப்பார். ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்று இருக்கும். நம் தமிழ்ப் பெயர்களை இங்குள்ள அலுவலகங்களில் அவரவர் காதுக்கு எட்டியபடி எழுதிவைத்த கோளாறு இது. பெரியவர்கள் நல்லபடியாக இருக்கும்போதே இவற்றைத் திருத்திக்கொள்வது நல்லது. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும் என்பதால் இல்லத்தரசிகளின் ஆவணங்களும் சரியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஊரில் உள்ள வீடு. மும்பையில் சம்பாதித்து ஊரில் காங்கிரீட் வீடு கட்டியவர்கள் நம்மில் ஏராளம். மத்திய அரசின் உதவி கேட்பவருக்கு நாட்டின் எந்த மூலையிலும் பக்கா வீடு இருக்கக் கூடாது என்பது விதி. இங்கே குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஆகவே தாத்தா பெயரிலுள்ள வீடு குறுக்கே நிற்காது. உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ உள்ள வீடு நிற்கும். கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டு வசதித் திட்டத்தில் பயன் பெற்றிருந்தாலும் உதவி கிடைக்காது. மறைத்து விண்ணப்பித்துப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட முதலிலேயே தெரிந்துகொள்வது மேல்.

சாவி வாங்கிய பிறகு

இலவச வீட்டின் செலவு சாவி கைக்கு வந்த நாளில்தான் ஆரம்பமாகிறது. எஸ்.ஆர்.ஏ. திட்டம் தொடங்கியபோது, பராமரிப்புக்காக வீட்டுக்கு 20,000 ரூபாய் வீதம் பில்டர் டெபாசிட் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். நூற்றுக்கு 8 வட்டி என்று போட்டாலும் மாதத்துக்கு 133 ரூபாய்தான் கிடைக்கும். லிஃப்ட், தண்ணீர் பம்பு, மாடிப்படி விளக்கு, காவலாள் என்று நூறு வீட்டுக் கட்டடத்துக்கு ஆகும் செலவுக்கு அது எந்த மூலைக்கு? பிறகு அந்த டெபாசிட்டை 40,000 ஆக்கினார்கள், செலவும் கூடவே ஏறிவிட்டது. மீதத்தைக் குடியிருப்பவர்கள்தாம் மாதாமாதம் மெயிண்டனன்ஸாகக் கட்ட வேண்டும்.

இட்லி விற்றும் தோல் வேலை செய்தும் அன்றாடம் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல. கட்ட முடியாமல், கிடைத்த வீட்டை ரகசியமாகக் கைமாற்றிவிட்டு மறுபடியும் குடிசைக்கே போனவர்களும் உண்டு. இந்த இடத்தில் மாநகராட்சி செய்த ஒரு உதவியைச் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி முதல் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்து வரி கிடையாது. ஒரு முறை கட்டித் தருவதோடு நில்லாமல், ஆண்டுதோறும் துணை நிற்கும் மானியம் இது. உள்ளாட்சி அமைப்புகளிடம் நாம் கேட்க வேண்டியது இந்த மாதிரி உதவிகளைத்தான்.

உங்கள் பகுதியில் திட்டம் பற்றிக் கூட்டம் போட்டால் அவசியம் போங்கள், வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். பணம் போடுவது யார், இரண்டு ஆண்டு வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டார்களா, பராமரிப்பு டெபாசிட் எவ்வளவு, அது யார் பெயரில் இருக்கும் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் கைக்கு வந்த பிறகு சம்மதக் கையெழுத்துப் போட்டால் போதும்.