சாயூர் மானிஸ்: பிரட்டிச் சாப்பிடலாம், பச்சைச் சாறு வேண்டாம்

தோட்டத்து லயன் வீடுகளில் காசு கொடுத்து வாங்காத கீரைகள் என்று சில உண்டு. முருங்கை அவற்றில் ஒன்று. வேலியோரத்தில் நிற்கும் சாயூர் மானிஸ் மற்றொன்று. ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் போதும், சில வாரங்களில் தளிர்த்துவிடும். நுனியை ஒடிக்க ஒடிக்கப் பக்கக் கிளைகள் வரும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இன்று இதைச் சந்தையில் கட்டாக வாங்குகின்றன. சிலர் பூச்சாடியில் வளர்க்கிறார்கள்.

செய்வதற்கு எளிது, சுவையும் நன்று. ஆனால் மற்ற கீரைகளுக்கு இல்லாத ஒரு நிபந்தனை இதற்கு உண்டு. இதைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்கக் கூடாது. இது வெறும் பாட்டி சொல் அல்ல. அண்டை நாடுகளில் பலருடைய நுரையீரலைக் கெடுத்த அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது.

பெயரில் உள்ள குழப்பம்

தீபகற்ப மலேசியாவில் செக்கூர் மானிஸ் அல்லது சாயூர் மானிஸ், சரவாக்கில் சாங்கோக் மானிஸ், இந்தோனேசியாவில் காத்தோக் என்று இதற்குப் பல பெயர்கள். 'மானிஸ்' என்றால் இனிப்பு. வெந்த இலையில் லேசான இனிப்பு தெரிவதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டில் இதைத் தவசிக்கீரை என்றும் மல்டிவைட்டமின் கீரை என்றும் சொல்கிறார்கள்.

இங்கேதான் கவனம் தேவை. சளிக்கும் இருமலுக்கும் நாட்டு வைத்தியத்தில் பேசப்படும் தவசு முருங்கை என்பது வேறு செடி. இரண்டின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதால், ஒன்றுக்குச் சொன்ன பச்சைச் சாறு வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்துவிட வாய்ப்பு உண்டு. புலனக் குழுக்களில் வரும் கீரை வைத்தியச் செய்திகளில் பெரும்பாலும் படமும் இருக்காது, அளவும் இருக்காது. பெயரை மட்டும் நம்பி எந்த இலையையும் அரைத்துக் குடிப்பது ஆபத்து.

தைவானில் நடந்தது

1990களின் நடுப்பகுதியில் தைவானில் இந்தக் கீரை உடல் இளைக்கும் உணவாகப் பரவியது. பச்சை இலையை அரைத்து, கொய்யா அல்லது அன்னாசிச் சாற்றுடன் கலந்து பலர் நாள்தோறும் குடித்தார்கள். சில வாரங்களில் அவர்களில் சிலருக்கு விடாத இருமலும் மூச்சுத் திணறலும் தொடங்கின. நிறுத்திய பிறகும் திணறல் குறையவில்லை.

பரிசோதித்த மருத்துவர்கள் கண்டது, நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் வீங்கித் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய். தோலில் பட்ட தீக்காயத்தின் தழும்பு மறையாமல் நிற்பது போல, இந்த அடைப்பும் திரும்பச் சரியாவதில்லை. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் உறிஞ்சு மருந்தும் பெரிதாக உதவாது. 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. உயிரிழந்தவர்களும் உண்டு. 1996ஆம் ஆண்டில் இந்தச் செய்தி 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகி உலகம் முழுவதும் தெரிந்தது.

ஜப்பானில் இதே இலையைப் பொடியாக்கி ஆரோக்கிய உணவாக விற்றார்கள். அங்கும் அதே நுரையீரல் பாதிப்பு தெரியவந்ததால், 2003ஆம் ஆண்டில் இந்தக் கீரையின் பொடி போன்ற பொருள்களின் விற்பனைக்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது.

நம் நாட்டில் மட்டும் ஏன் சிக்கல் இல்லை?

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தலைமுறை தலைமுறையாக இந்தக் கீரையை உண்கிறார்கள். ஆனால் தைவானில் கண்டது போன்ற கூட்டப் பாதிப்பு இங்கே எழவில்லை. உண்ணும் முறையில்தான் வேறுபாடு. இங்கே இது குவாலியில் வெந்து, சோற்றுக்குப் பக்கத்தில் ஓர் அகப்பை அளவில், எப்போதாவது ஒரு நாள் வரும் பதார்த்தம். தைவானில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பச்சையாக, பெரிய அளவில், நாள்தோறும், வாரக்கணக்கில் குடித்தவர்கள்.

இலையில் உள்ள எந்தப் பொருள் இந்தக் கேட்டைச் செய்கிறது என்பது அறிவியலில் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. அதனால் 'ஒரு டம்ளர் மட்டும் குடித்தால் ஒன்றும் ஆகாது' என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. பாதுகாப்பான பச்சைச் சாறு அளவு என்று ஒன்று வகுக்கப்படவில்லை. சமைத்து உண்பதிலும் 'நல்லதுதானே' என்று தினமும் குவிக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் இது, மற்ற நாள்களில் முருங்கை, பசலை, தண்டுக்கீரை, பயத்தங்காய் என்று மாற்றிக்கொள்வது உடம்புக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது.

நெத்திலி போட்டுப் பிரட்டும் முறை

நான்கு பேருக்கு இரண்டு கட்டுக் கீரை போதும். அதனுடன் ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு, எட்டு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, இரண்டு மூன்று காய்ந்த மிளகாய், இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், கொஞ்சம் கடுகு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்.

முதலில் இலையை உருவ வேண்டும். தண்டின் நுனியை ஒரு கையால் பிடித்து, மறு கையின் இரு விரல்களால் மேலிருந்து கீழாக இழுத்தால் இலைகள் வரிசையாக உதிரும். இளந்தண்டு நுனியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். முற்றிய தண்டு எவ்வளவு வெந்தாலும் நார்தான்.

இரண்டாவது, கழுவிய இலையைக் கசக்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. சாயூர் மானிஸ் இலை பசலையைப் போல மென்மையானது அல்ல, சற்றுத் தடிப்பானது. இரண்டு கைகளாலும் துணி துவைப்பது போல ஐந்தாறு முறை கசக்கினால் இலை துவண்டு, பச்சை நிறத் தண்ணீர் வெளியேறும். அதைக் கொட்டிவிட்டு இலையை ஒருமுறை அலசிப் பிழிந்துகொள்ளலாம். பச்சை வாடை குறையும், இலையும் சீராக வேகும். சரவாக்கில் முட்டை சேர்த்து வதக்கும்போது இப்படித்தான் செய்கிறார்கள். கசக்குவது மென்மைக்காக மட்டுமே. அது சமைப்பதற்கு ஈடாகாது.

மூன்றாவது, நெத்திலியைத் தலை கிள்ளி, கழுவி, தண்ணீர் வடித்து, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்துத் தனியே எடுத்து வைக்கவும். கீரையோடு சேர்த்து வேகவிட்டால் அது ஊறி நமத்துப்போகும்.

அதே எண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, தட்டிய பூண்டையும் நறுக்கிய வெங்காயத்தையும் வதக்கவும். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் மஞ்சள் தூள், பிறகு கீரை. தீ நன்றாக எரிய வேண்டும். தீ குறைந்தால் இலை விடும் தண்ணீர் ஆவியாகாமல் தேங்கி, பிரட்டல் கூழாகிவிடும். குவாலியை மூட வேண்டாம். கீரை வேகும்போது வெளிவரும் புளிப்புத் தன்மையுள்ள ஆவி மூடிக்குள் தங்கினால் பச்சை நிறம் மங்கி இலை பழுப்பாகும். திறந்து வைத்தால் நிறம் நிற்கும்.

இடையிடையே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஏழெட்டு நிமிடம் பிரட்டவும். ஓர் இலையை எடுத்துக் கடித்துப் பார்த்தால் பதம் தெரியும். பல்லில் நறுக்கென்று பட்டால் இன்னும் வேக வேண்டும். இந்தக் கீரையில் அரைவேக்காடு வேண்டாம். வெந்த பிறகு கீரையை ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி கட்டியானதும் கிளறிவிடவும். முட்டை முழுதும் வெந்த பிறகு நெத்திலியைத் தூவி இறக்கலாம்.

உப்பு கடைசியில்தான். குவாலி நிறையத் தெரியும் கீரை வெந்ததும் கால் பங்காகச் சுருங்கும், நெத்திலியிலும் உப்பு இருக்கும். முதலிலேயே பார்வை அளவில் போட்டால் கரித்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் தனி உப்பே தேவைப்படாது.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் நெத்திலியும் முட்டையும் வேண்டாம். அரை மணி நேரம் ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடியைக் கீரைக்கு முன்னால் போட்டு வேகவிட்டு, இறக்கும்போது துருவிய தேங்காய் இரண்டு கரண்டி சேர்க்கலாம். எண்ணெய், முட்டை, தேங்காய் ஆகியவை சுவைக்காக மட்டுமல்ல. கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்தை உடல் ஈர்த்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கண் பார்வைக்குத் தேவையான வைட்டமின் ஏயை உடல் அதிலிருந்துதான் உருவாக்குகிறது.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க இந்தக் கீரையைக் கொடுக்கும் வழக்கம் இந்தோனேசியாவில் பரவலாக உண்டு. நம்மவர் சிலரும் சூப்பாக வைத்துக் கொடுக்கிறார்கள். வெந்த கீரையை உணவாக அளவோடு சேர்ப்பது ஒன்று, அதன் சாரத்தை மாத்திரையாகவும் பொடியாகவும் விழுங்குவது வேறு. பால் சுரப்புக்கு என்று இணையத்தில் விற்கும் பொடியை வாங்குவதற்கு முன் அரசாங்க கிளினிக்கில் உள்ள தாதியிடமோ மருத்துவரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது.

எடை குறைக்க அல்லது சர்க்கரையைக் குறைக்க இந்தக் கீரைச் சாற்றை ஏற்கெனவே குடித்து வருபவர்கள் உடனே நிறுத்த வேண்டும். வறட்டு இருமல், படியேறும்போது முன்பு இல்லாத மூச்சு வாங்கல் இருந்தால், சளிதானே என்று விடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். என்ன இலை, எத்தனை நாள், எவ்வளவு குடித்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலாய்ப் பெயரையும் சொன்னால், முடிந்தால் இலையையே கொண்டுபோய்க் காட்டினால், மருத்துவருக்கு விரைவில் விளங்கும்.

வீட்டில் பிள்ளைகள் பச்சைக் கீரையை மிக்சியில் அடித்து 'ஸ்மூத்தி' குடிக்கும் காலம் இது. அவர்களுக்குத் தடை சொல்வதைவிடச் செடியைக் காட்டிச் சொல்லிவைப்பது மேல். வேலியில் நிற்கும் இந்தக் கீரையை வெட்டி எறியவும் வேண்டாம், மிக்சியில் போடவும் வேண்டாம். சுடச்சுடச் சோறும் ரசமும் தயாரானதும் குவாலியை அடுப்பில் வைத்தால், கால் மணி நேரத்தில் நல்ல பிரட்டல் ஆகிவிடும்.