உணவு வண்ணங்களால் கம்பளி நூலுக்குச் சாயமேற்றுதல்

சாயமிடுதல் என்றதும் ஆலைகளும், பெருங்கொப்பரைகளும், நெடிமிக்க இரசாயனப் பொருள்களுமே நினைவிற்கு வருவது இயல்பு. ஆயினும், கேசரிப் பவுடர் முதலிய பெயர்களில் மளிகைக் கடைகளிற் கிடைக்கும் உணவு வண்ணப் பொடிகளைக் கொண்டே கம்பளி நூலுக்கு வீட்டிலேயே நல்ல சாயம் ஏற்றலாம். ஓர் அடுப்பும், ஒரு பாத்திரமும், சிறிது வினிகருமே இதற்குப் போதும். நாரும் சாயமும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றுகின்றன என்பதை வகுப்பறையில் விளக்குவதற்கும் இஃது ஏற்ற சோதனையாகும்.

சாயம் பற்றும் முறை

1856-ஆம் ஆண்டில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், கொயினாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது, எதிர்பாராத வகையில் ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டார். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருள்களைக் கொண்டு சாயங்கள் ஆக்கும் தொழில் அதிலிருந்தே வளர்ந்தது. இன்றைய செயற்கை உணவு வண்ணங்களும் அவ்வழியில் வந்தவையே. டார்ட்ரசீன், சன்செட் எல்லோ, பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின், பிரில்லியன்ட் புளூ, இண்டிகோ கார்மைன், பாஸ்ட் கிரீன் ஆகிய எட்டும் இந்தியாவில் உணவிற்கு அனுமதிக்கப்பட்டவை.

இவற்றுள் எரித்ரோசின் ஒழிந்த ஏனைய ஏழும் சல்போனிக் தொகுதிகளை உடையவை. நீரிற் கரையும்போது இச்சாய மூலக்கூறுகள் எதிர் மின்னேற்றம் கொள்கின்றன. கம்பளியோ கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. அதில் அமினோ தொகுதிகள் பல உள. நீரில் அமிலம் சேர்த்தால் இவ்வமினோ தொகுதிகள் நேர் மின்னேற்றம் பெறுகின்றன. எதிரும் நேரும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் சாயம் நாரிற் பற்றுகிறது. வெப்பம் நாரைச் சற்றே விரியச் செய்து, சாயம் உட்புகுவதற்கு வழி திறக்கிறது. ஆகவே, இத்தொழிலில் அமிலமும் வெப்பமும் இரண்டும் இன்றியமையாதன.

பட்டும் புரதமாதலின் இச்சாயத்தை ஏற்கும்; நைலானும் ஏற்கும். பருத்தி செல்லுலோஸால் ஆயது. அதில் அமினோ தொகுதிகள் இல்லை. எனவே, பருத்தி நூலில் ஏறியதுபோற் தோன்றும் நிறம் முதற் சலவையிலேயே போய்விடும்.

நூலைத் தெரிந்துகொள்ளுதல்

கடைகளிற் கம்பளி நூல் என்று விற்கப்படுவனவற்றுட் பல, உண்மையில் அக்ரிலிக் என்னும் செயற்கை நூலே. அவை இச்சாயத்தை ஏற்பதில்லை. பயிற்சி வகுப்புகளில் நேரும் தோல்விக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். நூலில் ஒரு துணுக்கை இடுக்கியாற் பிடித்துத் தீயிற் காட்டுக. மயிர் கருகும் நாற்றம் எழுந்து, எஞ்சிய சாம்பல் விரலால் நசுக்கப் பொடியாயின், அது கம்பளி. உருகிக் கெட்டியான மணிபோல் இறுகின், அது செயற்கை நூல்.

செய்முறை

வெண்மையான கம்பளி நூல் 100 கிராம் எடுத்து, சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களிற் பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டுக. இறுகக் கட்டின் அவ்விடத்திற் சாயம் ஏறாது. காரமற்ற சோப்பினால் அலசி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவிடுக. உலர்ந்த நூல் சாயத்தைத் திட்டுத்திட்டாகவே ஏற்கும்.

எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்றில் 3 லிட்டர் நீர் விட்டு, 100 மில்லிலிட்டர் வினிகர் சேர்க்க. வினிகர் இல்லையேல், ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போதும். கலப்பற்ற சாயமாயின் அரை கிராம் நடுத்தர நிறம் தரும். கடைப்பொடிகள் உப்பு முதலியன கலந்து விற்கப்படுவதால், ஒரு தேக்கரண்டியளவிற் தொடங்கி நிறத்தைக் கண்டு கூட்டுக. பொடியை முதலில் சிறிது வெந்நீரில் முற்றும் கரைத்துப் பின்னரே பாத்திரத்தில் ஊற்றவேண்டும்.

ஊறிய நூலை இட்டு, அரைமணி நேரத்தில் 85 பாகை சென்டிகிரேடு வரை மெல்லச் சூடேற்றுக. கொதிக்க விடலாகாது. அவ்வெப்பத்திலேயே மேலும் அரைமணி நேரம் வைத்திருந்தால், சாயம் முழுவதும் நூலிற் சேர்ந்து நீர் ஏறக்குறையத் தெளிந்துவிடும். நீர் தெளியாவிடின், மேலும் சிறிது வினிகர் விடுக. அடுப்பை அணைத்து, நூலை அந்நீரிலேயே ஆறவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துக.

கம்பளி நாரின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உள. சூடான நூலைத் திடீரெனக் குளிர்ந்த நீரிலிட்டாலும், மிகக் கிளறினாலும், செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி நூல் சுருங்கிக் கட்டியாகும். அவ்வாறு கெட்ட நூலை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர இயலாது.

சில குறைபாடுகள்

சிவப்பும் நீலமும் கலந்து ஊதா நிறம் பெற முயன்றால், சிவப்பு முந்திப் பற்றி, இரு நிறங்களும் பிரிந்து தோன்றுதல் உண்டு. எரித்ரோசின் மிகுந்த அமிலத்திற் கரையாது படிந்துவிடும். எனவே, சிவப்பிற்குப் பான்சோ 4ஆர் அல்லது கார்மோய்சின் உகந்தது. இச்சாயங்களுட் பல, குறிப்பாக இண்டிகோ கார்மைன், வெயிலில் வெளிறும். ஆகவே, இவ்வாறு சாயமிட்ட நூலைக் கெட்டிச் சாயம் என்று கூறி விற்பது முறையன்று. விற்பனைக்கு நூல் ஆக்குவோர், அட்டையொன்றிற் சில இழைகளைச் சுற்றி, பாதியை மூடிச் சில வாரம் வெயிலில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

உணவுச் சோதனையிற் கம்பளி

கம்பளியின் இவ்வியல்பு உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும் பயன்படுகிறது. ஐயத்திற்குரிய பண்டத்தை நீரிற் கரைத்து, அமிலமிட்டு, வெள்ளைக் கம்பளி இழையை அதிற் காய்ச்சுவர். நிறமேறிய இழையை அலசி, நீர்த்த அம்மோனியாவிற் காய்ச்சினால் செயற்கைச் சாயம் கழன்று வரும். அக்கரைசலை மீண்டும் அமிலமாக்கிப் புதிய இழையை இடும்போது, அதுவும் நிறமேறினால் செயற்கை அமிலச் சாயம் உளதென்பது துணிபு. தாவர வண்ணங்கள் பொதுவாக இவ்விரண்டாம் முறை ஏறுவதில்லை. அச்சாயம் அனுமதிக்கப்பட்டதா, மெட்டானில் மஞ்சள் போன்று விலக்கப்பட்டதா என்பதை அறிய வேறு சோதனைகள் வேண்டும். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாயைத் தடை செய்வதற்குக் காரணமான ரோடமின்-பி என்பது காரச் சாயம். அஃது அம்மோனியா கலந்த கரைசலிலிருந்து கம்பளியிற் பற்றும்.

இச்சோதனையை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், அளவு பற்றிய உண்மையையும் உணர்த்துதல் நன்று. அனுமதிக்கப்பட்ட சாயமும் பெரும்பாலான உணவுகளிற் கிலோவிற்கு 100 மில்லிகிராமுக்கு மிகலாகாது. நூறு கிராம் நூலை நிறமாக்கும் அரை கிராம் சாயம், அவ்வளவின்படி, ஐந்து கிலோ உணவிற்குரிய உச்ச வரம்பாகும். நூலுக்கு அளந்து இடும் பொடியைச் சமையலிற் கைக்கு வந்தபடி அள்ளியிடுதல் தகாது.