எஞ்சினை மாற்றினால் மட்டும் போதுமா?

கடையில் கார் வாங்கலாம். மோட்டார் சைக்கிள் வாங்கலாம். ஆகாய விமானத்தை மட்டும் பெரிய தொழிற்சாலையில்தான் செய்ய முடியும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வீட்டுக் கொல்லையிலும் கார் கொட்டகையிலும் பல ஆண்டுகள் உழைத்து, தம் கையாலேயே சிறு விமானம் கட்டி, அதில் ஏறிப் பறப்பவர்களும் இவ்வுலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இடம் தருகிறது. வேலையில் பாதிக்கு மேல் தானே செய்திருக்க வேண்டும். கற்பதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். இத்தகையவர்களுக்கென்று 1953-இல் ஒரு சங்கமும் தோன்றியது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஓஷ்கோஷ் நகரில் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் அச்சங்கம் நடத்தும் பெருவிழாவுக்குக் கைத்தயாரிப்பு விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன.

விமானத்தைக் கட்டி முடித்தவருக்குச் சில ஆண்டுகளில் ஓர் ஆசை பிறக்கும். "இன்னும் கொஞ்சம் சக்தி இருந்தால் எப்படி இருக்கும்?" உடனே பெரிய எஞ்சினைத் தேடப் புறப்படுவார். அந்த ஆசை சிலரை உயர்த்தியிருக்கிறது. சிலரைத் தரையில் மோதவும் வைத்திருக்கிறது. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கிராமத்து மெக்கானிக்கின் சாதனை

மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்றொரு சிற்றூர். அங்கே வாழ்ந்த, 1901-இல் பிறந்த பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் பொறியியல் கல்லூரிப் பக்கம் போனவரல்லர். எல்லாம் தானே கற்றுக்கொண்ட மெக்கானிக். ஏழை எளியவரும் பறக்க வேண்டும், அதற்கு விலை மலிந்த கார் எஞ்சினே வழி என்று அவர் நம்பினார். 1920-களில் 'மாடல் டி' ஃபோர்டு எஞ்சினை விமானத்தில் பொருத்திப் பார்த்தார். பின்னர் 'ஏர் கேம்பர்' என்னும் இருவர் அமரும் விமானத்தை உருவாக்கி, 1929-இல் அதில் 'மாடல் ஏ' ஃபோர்டு எஞ்சினை ஏற்றினார்.

அந்த எஞ்சினின் சக்தி, நிமிடத்துக்கு 2,200 சுற்றில், வெறும் 40 குதிரைச் சக்தி. கார் எஞ்சின் விமானத்துக்கு உதவாது என்று அன்றைய பத்திரிகையாசிரியர் ஒருவர் எழுதிவிட்டார். பீட்டன்போல் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. 1930-இல் இரண்டு விமானங்களை மினியாபொலிஸ் நகருக்கே பறக்கவிட்டு அவர் கண்முன் நிறுத்தினார். அதே ஆசிரியர் அதன் வரைபடங்களைத் தம் வெளியீட்டில் அச்சிட்டார். அந்த வரைபடங்களை வைத்து இன்றும் பலர் அதே விமானத்தைக் கட்டி வருகிறார்கள்.

நாற்பதே குதிரைச் சக்தி எப்படி இரண்டு பேரைத் தூக்கியது? இரகசியம் விசிறியில் இருந்தது. ஃபோர்டு எஞ்சின் மெதுவாகச் சுழலும்; ஆகவே அதற்கு நீண்ட மரவிசிறியை மாட்டலாம். பெரிய விசிறி நிறையக் காற்றை நிதானமாகப் பின்னே தள்ளும். சிறு விமானத்துக்கு அதுவே சிக்கனம். வேகமாகச் சுழலும் சிறிய எஞ்சினுக்கோ குட்டையான விசிறிதான் பொருந்தும். காகிதத்தில் இரண்டின் குதிரைச் சக்தியும் ஒன்றாக இருந்தாலும், மெதுவாக ஏறும் விமானத்தில் இழுக்கும் பலம் ஒன்றாக இராது.

இரு மடங்கு சக்தி, இரு மடங்கு வேகமா?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இக்கேள்வியைக் கேட்டால், "ஆமாம் வாத்தியாரையா!" என்று ஒரே குரலில் சொல்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை வேறு.

வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை இரு மடங்கு வேகத்தில் தள்ளிச் செல்ல வேண்டியிருப்பதால், தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு! இதைத் திருப்பிப் போட்டால், எஞ்சினின் சக்தியை இரு மடங்காக்கினாலும் 100 மைல் வேகத்தில் பறந்த விமானம் சுமார் 126 மைல் வேகத்தைத்தான் எட்டும்.

அப்படியானால் பெரிய எஞ்சினால் பயனில்லையா? உண்டு. அது மேலே ஏறுவதில் தெரியும். ஒரு விமானம் உயரம் குறையாமல் பறக்க 30 குதிரைச் சக்தி தேவை என்று கொள்வோம். 65 குதிரைச் சக்தி எஞ்சினில் ஏறுவதற்கு மிஞ்சுவது 35. அதையே 125 ஆக்கினால் மிஞ்சுவது 95. எஞ்சினின் கூடுதல் எடையும் விசிறியில் வீணாவதும் போக, ஏறும் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். குட்டையான ஓடுபாதையின் முனையில் மரங்கள் நிற்கும்போது இந்த மிச்ச சக்திதான் உயிரைக் காக்கிறது.

காண்டாக் கம்புக் கணக்கு

பால்மரம் வெட்டிய நம் பெற்றோர் தோளில் காண்டாக் கம்பை வைத்து, இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு நடந்ததைக் கண்டவர்களுக்கு இந்தப் பாடம் எளிதில் விளங்கும். ஒரு வாளியில் பால் கூடினால் தோளை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். இல்லையேல் கம்பு சாய்ந்துவிடும். விமானத்துக்கு இறக்கைதான் தோள். எஞ்சின் முன் வாளி. வால் பின் வாளி.

புதிய எஞ்சின் பழையதைவிட 30 ராத்தல் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சமநிலைப் புள்ளிக்கு 5 அடி முன்னால் இருந்தால், 30 × 5 = 150. இதை ஈடு செய்ய 15 அடி பின்னால் 10 ராத்தல் வேண்டும். ஆகவேதான் பலர் பேட்டரியை எஞ்சின் பக்கத்திலிருந்து எடுத்து இருக்கைக்குப் பின்னால் வைக்கிறார்கள்.

புதிய எஞ்சின் இலேசாக இருந்தாலும் தொல்லைதான். மூக்கு இலேசாகி வால் கனத்த விமானம் மிகவும் ஆபத்தானது. வேகம் குறைந்து விழத் தொடங்கினால் மீட்பது கடினம். பீட்டன்போலும் இதைச் சந்தித்தார். 1960-களில் அவர் ஃபோர்டை விட்டுச் செவ்ரலே கோர்வேர் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மாறினார். காற்றாலேயே குளிரும் எஞ்சின் அது. விமானியின் கண்ணை மறைத்து நின்ற ரேடியேட்டர் ஒழிந்தது. ஆனால் எடை குறைந்ததால் சமநிலை மாறியது. எனவே 1966-இல் விமானத்தின் உடலை நீட்டிப் புது வரைபடம் தயாரானது. பழைய அளவில் கட்டியவர்கள் இறக்கையைச் சில அங்குலம் பின்னால் தள்ளிச் சரிசெய்கிறார்கள். பறப்பவர் தாமே பருத்துவிட்டாலும் இதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்பது வேடிக்கையான உண்மை!

எண்ணெயும் உழைப்பும்

பெரிய எஞ்சின் அதிகம் குடிக்கும். உயரத்திலிருக்கும் தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும் விமானமானால், முழுச் சக்திக்கு வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு குழாய் வழியே ஓட வேண்டும் என்பது விதி. அதையும் விமானத்தின் மூக்கை மேலே தூக்கி நிறுத்தி, வாளியில் பிடித்து அளக்க வேண்டும். தரையில் மட்டமாக நிற்கும்போது நன்றாக ஓடும் பெட்ரோல், மூக்கு உயரும்போது தயங்கலாம். எஞ்சின் நின்றுபோக அதைவிடக் கெட்ட நேரம் வேறில்லை.

கார் எஞ்சினை விமானத்தில் வைப்பவர் மற்றொன்றையும் எண்ண வேண்டும். சாலையில் கார் எஞ்சின் தன் சக்தியில் சிறு பகுதியையே செலவிடுகிறது. விமான எஞ்சினோ முழு மூச்சுடன் கிளம்பி, பிறகு மணிக்கணக்கில் முக்கால் பங்கு சக்தியில் உழைக்கிறது. விசிறி வேறு அதன் அச்சைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கிறது. பீட்டன்போலின் மெதுவான விமானத்தில் நன்றாக உழைத்த கோர்வேர் எஞ்சினை, 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வேகமான விமானங்களில் பொருத்தியபோது சிலவற்றில் கிராங்க் அச்சு உடைந்தது. அதன் பின்னரே அச்சின் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தி, விசிறிப் பக்கம் கூடுதலாக ஒரு பேரிங் பொருத்தும் வழக்கம் வந்தது.

எஞ்சினோடு நிற்காதவர்

ஒரேகன் மாநிலத்தில் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன். தந்தையின் நிலத்திலேயே புல் ஓடுபாதை இருந்தது. அவர் 'ஸ்டிட்ஸ் பிளேபாய்' என்னும் ஒருவர் அமரும் விமானத்தை வாங்கினார். அதில் இருந்தது 65 குதிரைச் சக்தி எஞ்சின். அதை எடுத்துவிட்டு 125 குதிரைச் சக்தி லைக்கோமிங் எஞ்சினைப் பொருத்தினார்.

விமானம் பாய்ந்தது. ஆனால் இறங்கும்போது எஞ்சின் எதற்கு உதவும்? குட்டையான புல்தரையில் மெதுவாக இறங்க இறக்கையல்லவா உதவ வேண்டும்! ஆகவே 1965-இல் பழைய இறக்கையைக் கழற்றி, வேகத்தைக் குறைக்கும் மடிப்புகளுடன் புதிய அலுமினிய இறக்கையைத் தாமே வடிவமைத்துப் பொருத்தினார். அவ்விமானமே பின்னாளில் 'ஆர்.வி.-1' எனப் பெயர் பெற்றது. அதில் கற்ற பாடத்தால் 1971-இல் 'ஆர்.வி.-3' பறந்தது. அவ்வரிசை விமானங்களில் 10,000-க்கும் அதிகமானவை இதுவரை கட்டிப் பறக்கவிடப்பட்டுள்ளன.

எஞ்சினை மாற்றியதோடு அவர் நின்றிருந்தால் வேகமாகப் பறக்கும் ஒரே ஒரு விமானம்தான் மிஞ்சியிருக்கும். அடுத்து எது குறைவு என்று கேட்டதால் புதிய விமானக் குலமே பிறந்தது.

சோதனைக் காலம்

எஞ்சினை மாற்றியதும் நண்பரை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. அமெரிக்க விதிப்படி இது பெரிய மாற்றம். குறிப்பேட்டில் எழுதி, அதிகாரிகளுக்குத் தெரிவித்து, குறைந்தது 5 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள் சோதனையாகப் பறக்க வேண்டும். அப்போது பயணிகள் கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும், அந்த உடலுக்கு வகுத்த உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறக்கையும் வாலும் படபடத்து முறிந்துவிடக் கூடும்.

2012-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கைத்தயாரிப்பு விமான விபத்துகளை ஆராய்ந்தது. எஞ்சின் கோளாறும் கட்டுப்பாடு இழத்தலும் முதன்மைக் காரணங்கள் என்று கண்டது. கட்டி முடித்த புதிதிலும், பிறர் கட்டியதை வாங்கிய புதிதிலும் பல விபத்துகள் நேர்ந்திருந்தன. தன் இயந்திரத்தின் குணம் பழகுவதற்கு முன்பே அவசரப்படுவதால் வரும் வினை இது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

விமானம் கட்டுவது நமக்கு எட்டாத செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நம் தோட்டத்திலும் தாமானிலும் 'கப்சாய்' மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பெரிய பிளோக் மாட்டும் இளைஞர்கள் எத்தனை பேர்! எஞ்சின் பெரிதாகிறது, பிரேக் பழையது, டயர் பழையது, சட்டமும் பழையது. காசு முழுவதும் ஓடுவதற்கே போய்விடுகிறது. நிற்பதற்கு ஒரு காசும் இல்லை.

பெற்றோர் இவர்களை ஏசுவதால் மட்டும் பயனில்லை. இயந்திரத்தின் மேல் ஆசை வைப்பது குற்றமன்று. பீட்டன்போலும் அந்த ஆசையில் பிறந்தவர்தான். அந்த ஆசையுள்ள பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "தம்பி, எஞ்சினை மாற்றினால் இன்னும் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? எழுதிக் காட்டு" என்று கேளுங்கள். எடை, பிரேக், சங்கிலி, குளிர்ச்சி, சட்டம் என்று பட்டியல் நீளும்போது அவன் மெக்கானிக்காகச் சிந்திக்கத் தொடங்கிவிடுவான். தொழிற்பயிற்சிக் கல்லூரிக்குப் போக அதைவிட நல்ல தகுதி வேறில்லை.