கொழும்பிலே ஒரு பகல்



அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் நம்மவர் கொழும்புக்குப் போவது பெரும்பாலும் ஏதேனுமொரு கந்தோர் அலுவலுக்காகவே. கடவுச்சீட்டு எடுக்க வேண்டும், பெரியாஸ்பத்திரியிற் காட்ட வேண்டும், மகனைப் புறக்கோட்டைக் கடையொன்றிற் சேர்க்க வேண்டும் என்று போவர். அலுவல் முடிந்ததும் ‘அப்பாடா’ என்று மலையேறி விடுவர். நகரத்தைப் பார்த்தீர்களா என்று வினவினால், ‘அதெல்லாம் காசுக்காரர் விஷயம்’ என்பர். அது எவ்வளவு தவறான எண்ணம் என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலில் வயிற்றைக் கவனிப்போம். விடியுமுன் அட்டனிற் புறப்படும் பேருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை ஆகியவற்றைக் கடந்து புறக்கோட்டையில் இறக்கிவிடும்போது பசி காதை அடைக்கும். தேநீர்க்கடையில் அமர்ந்ததும், நீங்கள் கேளாமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொணர்ந்து வைப்பார்கள். அஞ்ச வேண்டாம், தின்றதை மட்டும் எண்ணியே காசு வாங்குவர். மீதி தட்டோடு திரும்பிப் போய்விடும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரிய நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு வந்திருந்த எனக்கு இவ்வழக்கம் தெரியாது. வைத்ததை மிச்சம் விடுவது மரியாதையன்று என்றெண்ணி எட்டு வடையையும் தின்று தீர்த்தேன். கணக்குத் தீர்த்தபோது பஸ் காசும் போயிற்று. வேறு வழியின்றிக் காலிமுகத்திடல் வழியே நடந்தேன். கடலை அவ்வளவு அருகில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். கொழும்பை நடந்தே பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தவை அந்த வடைகளே.

நீங்களும் புறக்கோட்டையிலிருந்தே நடையைத் தொடங்கலாம். சிவப்பும் வெள்ளையுமாக ஓங்கி நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் 1909 இல் கட்டி முடிக்கப்பெற்றது. செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் கடந்து சென்றாற் கொச்சிக்கடை வரும். அங்குள்ள பொன்னம்பலவாணேசுவரர் கோயில் 1857 இல் எழுந்தது; பின்னர் சர் பொன்னம்பலம் இராமநாதன் அதனைக் கருங்கல்லாலே புதுக்கிக் கட்டுவித்தார். வெளியே வெயில் கொளுத்தும்போது அக்கல் மண்டபத்துள் நின்று பாருங்கள். நம் முன்னோர் விட்டுவந்த திருச்சி, தஞ்சைப் பக்கத்துக் கோயிலொன்றில் நிற்பது போலவே இருக்கும். அண்மையிலுள்ள அந்தோனியார் ஆலயத்திலே செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் கூடுவர்.

மதியத்துக்குச் சோற்றுப் பார்சலே சிக்கனம். சுமை தூக்குவோரும் எழுதுவினைஞரும் முண்டியடிக்கும் சந்துக்கடையில் வாங்குங்கள். அங்கே சோறு ஆறிக் கிடக்க நேரமிராது. ஒரு பார்சல் இருவருக்குப் பெரும்பாலும் போதும். அதனை விகாரமகாதேவிப் பூங்காவின் மரநிழலிலே உண்ணலாம். அருகிலேயே இருக்கின்றது நூதனசாலை.

இந்த நூதனசாலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேசாதிபதி கிறகரியின் முயற்சியால் 1877 இல் திறக்கப்பெற்ற இம்மாளிகையிலே கண்டியின் கடைசி மன்னனுடைய சிம்மாசனம் உண்டு. அதனைப் பார்க்கவே கூட்டம் கூடும். நீங்கள் மும்மொழிக் கல் எங்கே என்று கேளுங்கள். 1409 ஆம் ஆண்டுத் தேதியோடு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாரைப் போற்றுகின்றது. 1911 இற் காலியில் அது கண்டெடுக்கப்பட்டபோது வடிகாலொன்றின் மூடியாகக் கிடந்தது!

என் பழைய மாணவன் ஒருவன் புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தும் இந்தப் பக்கம் வந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அழைத்துச் சென்றேன். தேய்ந்த எழுத்துகளிடையே தனக்குத் தெரிந்த ஓரெழுத்தையாவது தேடி நெடுநேரம் நின்றான். பின்பு, ‘நம்மளையெல்லாம் உள்ளே விடுவாங்களான்னு நெனைச்சேன் சார்’ என்றான். எனக்கு மறுமொழி வரவில்லை. உள்நாட்டவருக்குரிய கட்டணம் சிறிதே. அவனைத் தடுத்து நிறுத்தியது அக்கட்டணமன்று.

அங்கிருந்து சிறிது தூரத்திலே சுதந்திர நினைவு மண்டபம் நிற்கின்றது. நாடு விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அம்மண்டபத்துத் தூண்களின் கீழ் அமர்ந்து இதனை அவர்களுக்குச் சொல்லலாம்.

வாசிப்பில் விருப்பமுடையோர் காலி வீதியில் ஓடும் 100, 101 இலக்கப் பேருந்தேறி வெள்ளவத்தைக்குப் போகலாம். 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் அங்கேதான். சைவக் கடைகளின் தோசைக்கும் அதுவே இடம்.

மாலையிலே காலிமுகத்திடல். தேசாதிபதி சர் ஹென்றி வாட் 1859 இல் அந்த உலாவிடத்தை முடித்து, கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக அதனைத் தமக்குப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லிற் பொறித்து வைத்தார். தோட்டத்துப் பெண்களை அவர் எண்ணியிருக்கமாட்டார்; ஆயினும் கடற்காற்று யாரிடமும் ஊர் கேட்பதில்லை. அங்கே வண்டிகளில் விற்கும் இறால் வடையை வெங்காயமும் மிளகாயும் தூவி வாங்கி, ஒரு பிளேன் டீயும் அருந்துங்கள். 1883 முதல் நம் மலைக் கொழுந்து ஏலம் போய்வந்த நகரம் இது. அக்கோப்பையில் உங்கள் வீட்டார் பறித்ததும் இருக்கக்கூடும்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். திரும்பிச் செல்லும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறால் வடை அவசரமாக உண்ணத்தக்கதன்று.