கோழித் தீவனத்துக்கு மட்டுமா மக்காச்சோளம்? வீட்டு அடைக்கும் 25 கிலோ எடுத்து வையுங்கள்

பாஞ்சாலங்குறிச்சியில் இருந்து ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று கரிசல் காட்டு வழியே மார்கழி, தை மாதங்களில் பயணம் செய்தால், சாலையின் இருபுறமும் காய்ந்து நிற்கும் மக்காச்சோளத் தட்டைகளைப் பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு இதே நிலத்தில் சோளமும் கம்பும் பருத்தியும்தான் அதிகம். சோளமும் கம்பும் விளைந்த காலத்தில், விற்றது போக மிச்சம் வீட்டுக் குலுக்கைக்கு வந்தது. இன்று விளையும் மக்காச்சோளமோ களத்தில் இருந்து நேராக வியாபாரியின் லாரிக்கு ஏறி, கோழித் தீவன ஆலைக்குப் போய்விடுகிறது. விளைவித்தவர் வீட்டில் ரேஷன் அரிசியும் கடைக் கோதுமை மாவும்தான்.

வட இந்தியாவில், குறிப்பாக பஞ்சாபில், குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டியும் கடுகுக் கீரையும் விருந்துச் சாப்பாடு. மெக்சிகோவில் மக்காச்சோள அடைதான் அன்றாட உணவு. நம் பகுதியில் கம்பு அடை, சோள தோசை சுடத் தெரியாத மூத்த பெண்கள் குறைவு. அதே கைப்பக்குவம் மக்காச்சோளத்துக்கும் போதும். ஆனால் மூட்டையைப் பிரித்து அப்படியே மில்லுக்குக் கொண்டுபோகக் கூடாது. தீவனத்துக்கு என்று விளைந்து, காய்ந்து, கட்டப்பட்ட தானியத்தை வீட்டுக்கு எடுப்பதில் சில எச்சரிக்கைகள் உண்டு. முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

எதை எடுக்கக் கூடாது?

விதைத்தது போக மிஞ்சிய வீரிய ஒட்டு விதையை எக்காரணம் கொண்டும் அரைத்துச் சாப்பிடாதீர்கள். சிவப்பு, பச்சை என்று சாயம் ஏற்றியிருப்பது பூச்சிக்கொல்லியும் பூசணக்கொல்லியும் கலந்திருப்பதைக் காட்டும் அடையாளம். கழுவினாலும் வறுத்தாலும் அது போகாது. கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடக் கூடாது.

2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கன் படைப்புழுவுக்குப் பிறகு மக்காச்சோளத்துக்கு மருந்து அடிப்பது கூடிவிட்டது. கடைசியாக அடித்த மருந்தின் டப்பாவில், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் காத்திருப்பு நாட்கள் கழிந்த காட்டில் இருந்து மட்டும் வீட்டுக்கு எடுங்கள்.

மூன்றாவது, பூசணம். அறுவடை நேரத்தில் மழை பெய்து கதிர் நனைந்தாலோ, ஈரத்தோடு மூட்டை கட்டினாலோ மணியில் பச்சை, மஞ்சள், கருப்பு நிறப் பூசணம் படரும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கல்லீரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் சுட்டாலும் முழுதாக அழியாது. ஆகவே பூசணம் கண்ட மணியைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். முக்கல் வாடை அடிக்கும் மூட்டை வீட்டுக்கு வேண்டாம்.

வீட்டுக்கு எப்படி எடுப்பது?

நான்கு பேர் உள்ள குடும்பம் வாரத்துக்கு இரண்டு வேளை சாப்பிட, வேளைக்கு அரைக் கிலோ மாவு போதும். வாரத்துக்கு 1 கிலோ. ஆறு மாதத்துக்கு 25 கிலோ. 2025-26-ம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தாலும் 25 கிலோவின் மதிப்பு 600 ரூபாய்தான். அதைவிடக் குறைந்த விலைக்கு நீங்கள் விற்கும் ஆண்டுகளில், வீட்டுக்கு வைக்கும் தானியத்தின் அடக்கம் இன்னும் குறைவு.

இயந்திரத்தில் அடிப்பதற்கு முன்பே கதிராகப் பொறுக்குங்கள். தோகை முழுதாக மூடிய, புழுத் துளை இல்லாத, நுனிவரை மணி பிடித்த கதிர்களாக எடுங்கள். தோகையை உரித்து, தார்ப்பாயில் கதிராகவே இரண்டு மூன்று நாள் காயவைத்து, கையால் உதிர்த்தால் மணி உடையாது. உடைந்த மணியில்தான் வண்டும் பூசணமும் முதலில் ஏறும். தார்ச் சாலையில் காயப்போட்டதை வீட்டுக்கு எடுக்க வேண்டாம். கல்லும் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும்.

உதிர்த்த மணியை மறுபடியும் காயவைத்து, ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு வந்த பின் சேமியுங்கள். ஈரமானி இல்லையென்றால் ஒரு எளிய சோதனை உண்டு. நன்கு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மணியும் அதில் ஒரு பிடி காய்ந்த தூள் உப்பும் போட்டு மூடி, சில நிமிடம் குலுக்கி வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் அடியில் விழுந்தால் சேமிக்கலாம்.

மூடி இறுக்கமான தகர டிரம்மில், தரையில் இருந்து உயர்த்தி வையுங்கள். மாதம் ஒரு முறை வெயிலில் பரப்பி, ஆறிய பின் திரும்பக் கொட்டுங்கள். கிட்டங்கிகளில் போடும் புகைமூட்ட மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அதில் இருந்து வரும் வாயு உயிரைப் பறிக்கும்.

மாவு அரைக்கும்போது

மக்காச்சோளத்தின் முளைக்கருவில் எண்ணெய் அதிகம். அதனால் மாவு சீக்கிரம் காறிப்போகும். மணியை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். வீட்டு மிக்ஸியில் முழு மணியைப் போட வேண்டாம், பிளேடு கெடும். மாவு மில்லில் ரொட்டிக்கு நைசாகவும், அடைக்குக் குருணையாகவும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். முன்பு மிளகாய் வற்றல் அரைத்த இயந்திரம் என்றால் ஒரு கை தானியத்தை முதலில் ஓட்டிக் கழித்துவிடுங்கள். கடையில் 'கார்ன் ஃப்ளவர்' என்று விற்கும் வெள்ளை மாவு இதுவல்ல. அது வெறும் ஸ்டார்ச். அதில் ரொட்டி வராது.

ரொட்டி

கோதுமையில் இருக்கும் பசைப் புரதம் மக்காச்சோளத்தில் கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். அதற்கு மருந்து கொதி நீர்தான். அரைக் கிலோ மாவில் உப்பு சேர்த்து, நன்கு கொதித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பிசையுங்கள். எலுமிச்சை அளவை விடச் சற்றுப் பெரிய உருண்டையாக எடுத்து, எண்ணெய் தடவிய வாழை இலையிலோ ஈரத் துணியிலோ வைத்து, விரலால் தட்டி வட்டமாக்குங்கள். காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் இலையோடு கவிழ்த்து, இலையை உரித்து எடுங்கள். மிதமான தீயில் இருபுறமும் செம்புள்ளி விழும் வரை சுடுங்கள். மாவை மொத்தமாகப் பிசைந்து வைத்தால் இறுகிவிடும். பிசைந்ததும் சுட்டு, சுட்டதும் சாப்பிடுவது நல்லது.

அடை

நம் வாய்க்கு ரொட்டியை விட அடை சீக்கிரம் பழகும். மக்காச்சோளக் குருணை 3 பங்கு, உளுந்தும் துவரம் பருப்பும் சேர்ந்து 1 பங்கு. குருணையைத் தனியே எட்டு மணி நேரம், பருப்பை மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், உப்புடன் கொரகொரப்பாக ஆட்டி, அரை மணி நேரம் விடுங்கள். சின்ன வெங்காயமும் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையும் நறுக்கிக் கலந்து, கல்லில் கனமாக ஊற்றி, நடுவில் ஒரு குழி போட்டு நல்லெண்ணெய் விட்டு மூடி வேகவிடுங்கள்.

பருப்பு சேர்ப்பது ருசிக்காக மட்டும் அல்ல. 100 கிராம் மக்காச்சோளத்தில் சுமார் 9 கிராம் புரதம் இருந்தாலும், உடம்புக்குத் தேவையான லைசின், டிரிப்டோபேன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அதில் குறைவு. லைசின் குறையைப் பருப்பு நன்றாகவே ஈடுகட்டும். மக்காச்சோளத்தில் உளுந்தையோ பாசிப்பயறையோ ஊடுபயிராகப் போட்டவர்களுக்கு இந்த அடையின் முக்கால்வாசிச் சாமான் ஒரே காட்டில் கிடைத்துவிடும்.

சுண்ணாம்பில் வேகவைக்கும் முறை

மக்காச்சோளத்தின் தாயகமான மெக்சிகோவில் மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின், நம் குடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. இந்தப் பக்குவம் தெரியாமல் தானியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வேறு உணவு அதிகம் இல்லாமல் அதையே தின்ற ஏழைகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பெல்லக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு போய், புத்தி தடுமாறி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பருப்பு, கீரை, மோர், மீன், முட்டை சேர்த்துச் சாப்பிடும் வீட்டில் இந்தப் பயம் வேண்டாம். மூன்று வேளையும் மக்காச்சோளமே என்று இறங்குபவர்களுக்கு இந்தப் பக்குவம் அவசியம்.

செய்வது கடினமல்ல. முழு மணி 1 கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர். வெற்றிலைக்குப் போடும் வாசனை சேர்க்காத சுண்ணாம்பு 2 தேக்கரண்டி. சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, மணியைப் போட்டு, முக்கால் மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிட்டு, இரவு முழுவதும் மூடி வையுங்கள். காலையில் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நான்கைந்து தண்ணீரில் கசக்கிக் கழுவி, கிரைண்டரில் தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக ஆட்டினால் மாவு தானே ஒட்டும். வெடிக்காமல் தட்ட வரும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும், எவர்சில்வர் போதும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும், நீர் விடாத கற்சுண்ணாம்பும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சோளத்தையும் கம்பையும் விட்டுவிடாதீர்கள்

இவ்வளவும் சொல்வது மக்காச்சோளம் அதிசய உணவு என்பதற்காக அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும். இரும்புச் சத்தில் கம்பும், சுண்ணாம்புச் சத்தில் கேழ்வரகும் இதைவிட மேல். வாய்ப்புள்ளவர்கள் வீட்டுத் தேவைக்கென்று அரை ஏக்கரிலாவது சோளம், கம்பு, குதிரைவாலி விதையுங்கள். மானாவாரிக்கு ஏற்ற ரகங்கள் பற்றிக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். மாவாக அரைத்து விற்க நினைக்கும் மகளிர் குழுவினர் வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். விற்பனைக்கு முன்பு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம்.

வேளாண் அலுவலர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படைப்புழு பற்றியும் உரம் பற்றியும் பேசும் கூட்டங்களில், உப்பு பாட்டில் சோதனையையும் பூசண மணியை அடையாளம் காண்பதையும் ஐந்து நிமிடம் செய்து காட்டுங்கள். விற்கும்போது ஈரப்பதத்தைச் சொல்லி வியாபாரி விலையைக் குறைக்கும் இடத்திலும் அந்த ஐந்து நிமிடம் விவசாயிக்குக் கைகொடுக்கும். நன்றாகக் காய்ந்த தானியத்துக்கு வீட்டிலும் சந்தையிலும் மதிப்பு ஒன்றுதான்.