உங்களுக்குத் தெரியுமா? விசிலோடு களமிறங்கும் முன்

● கொல்கத்தாப் பள்ளிப் பையன்களின் முதல் கால்பந்து, கால்பந்தே அல்ல. 1877-இல் ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, மைதான் என்ற பரந்த வெளியில் வெள்ளைக்காரர்கள் பந்து உதைப்பதைப் பார்த்து ஆசைப்பட்டான். நண்பர்களோடு காசு சேர்த்துப் பந்து வாங்கிவந்தான். வந்தது ரக்பி பந்து! பக்கத்துப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் எடுத்துச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது என்கிறது அந்த ஊரில் சொல்லப்படும் கதை. இந்தியக் கால்பந்தின் தந்தை என்று இன்று போற்றப்படுபவர் அந்தப் பையன்தான். விதி தெரிந்த ஒருவர் ஓரமாக நின்றிருந்ததால் ஆட்டம் பிழைத்தது.

● 1891 வரை நடுவருக்குக் களத்துக்குள் இடமில்லை. அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் இருந்தார்கள். தவறு நடந்தால் கிரிக்கெட்டில் போல ஆட்டக்காரர்கள் முறையிட வேண்டும். அம்பயர்கள் இருவரும் ஒத்துப்போகாவிட்டால்தான் வெளியே நிற்கும் நடுவரிடம் போவார்கள். 1891-இல் நடுவர் உள்ளே வந்தார். அம்பயர்கள் கொடியோடு கோட்டுக்குப் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். 1996 முதல் அவர்கள் உதவி நடுவர்கள்.

● ‘இந்தியக் கால்பந்துச் சங்கம்’ என்ற ஐ.எஃப்.ஏ. (1893) இன்று ஆள்வது மேற்கு வங்கத்தை மட்டும்தான். நாடு முழுவதற்குமான அகில இந்தியக் கூட்டமைப்பு 1937-இல்தான் வந்தது. பெயரை மாற்றச் சொல்லி கொல்கத்தாக்காரர்களிடம் யாரும் பேசிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

● அங்கே நடுவராக ஆசைப்படுபவர் தேடிப் போக வேண்டிய இடம் கல்கத்தா ரெஃப்ரீஸ் அசோசியேஷன். அதன் இருப்பிடம் கட்டடம் அல்ல, மைதானில் ஒரு கூடாரம். அந்தப் பரந்த வெளி ராணுவத்துக்குச் சொந்தம். பெரிய கிளப்புகளின் முகவரியும் அங்கே கூடாரம்தான். விதிகளில் எழுத்துத் தேர்வு, ஓட்டத்தில் உடல்தகுதித் தேர்வு, களத்தில் செய்முறை என்று தேறிய புதியவருக்கு எடுத்தவுடன் மோகன் பகான் மாதிரி பெரிய கிளப்பின் ஆட்டமா கிடைக்கும்? பள்ளி ஆட்டம், சிறுவர் ஆட்டம் என்று தொடங்க வேண்டும். 1898-இல் பிறந்த கல்கத்தா லீக்கில் பிரீமியருக்குக் கீழே ஐந்தாம் டிவிஷன் வரை படிகள் உண்டு. லீக் நடப்பதோ பெரும்பாலும் மழைக்காலத்தில். சேற்றில் ஓடி, நனைந்த நோட்டுப் புத்தகத்தில் எண்களைக் குறித்துப் பழகியவருக்கு அதன்பின் எந்த மைதானமும் சுலபம். மெதுவான ஏணிதான், ஆனால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

● ஃபிஃபா அளவிலான ஆண் நடுவருக்கு வைக்கும் தேர்வு இது: 40 மீட்டரை 6 நொடிக்குள் ஆறு முறை ஓட வேண்டும். அடுத்து 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 18 நொடியில் நடக்க வேண்டும். இப்படி 40 முறை. மொத்தம் 4 கிலோமீட்டர். பள்ளி ஆட்டத்துக்கு இவ்வளவு கேட்க மாட்டார்கள். ஆனால் பதினாறு வயதுப் பையன்கள் ஓடும் வேகத்துக்குத் தொப்பையோடு ஈடுகொடுக்க முடியாது.

● 1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம். கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்ற மோகன் பகான் அணியில் பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். இன்றைய கால்பந்து விதிகளில் நான்காம் விதிப்படி காலணி கட்டாயம். அந்த வரலாற்று அணியில் பத்துப் பேரை நடுவர் ‘பூட்ஸ் போட்டுக்கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்!

● அதே நான்காம் விதியில்தான் பள்ளி நடுவருக்கு நிஜமான தலைவலி. நகை எதுவும் கூடாது. மேலே டேப் ஒட்டி மறைத்தாலும் செல்லாது. கொல்கத்தாப் பையன் கையில் சிவப்புக் கயிறு, கழுத்தில் தாயத்து, விரலில் ஜோசியர் சொன்ன கல் மோதிரம். நம்மூர்ப் பையன்கள் மட்டும் என்ன, இடுப்புக் கயிறோடும் காப்போடும் வருகிறவர்கள்தானே? ‘அம்மா கழற்றக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்’ என்பான். மோதிரத்தால் எதிரணிப் பையனின் கண் கிழியலாம் என்பதை அவன் தெய்வத்தைத் தொடாமல் சொல்லத் தெரிய வேண்டும். விதிப் புத்தகத்தில் இதற்கு வசனம் எழுதித் தரவில்லை. ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே அணிகளை நிறுத்திப் பார்த்துவிடுவது உத்தமம்; விசில் ஊதிய பிறகு தாயத்தைக் கழற்றச் சொன்னால் அது வேறு சண்டையாகும்.

● தலைமுக்காடும் தலைப்பாகையும் நகைக் கணக்கில் வராது. இருபாலரும் அணியலாம் என்று 2014-இல் விதி தெளிவாகிவிட்டது. பழைய பி.டி. மாஸ்டர் யாராவது தடுத்தால், நடுவர் புத்தகத்தைக் காட்டலாம்.

● த்ரோ-இன் எறிந்த பந்து யார் மேலும் படாமல் நேராக எதிரணி வலைக்குள் போனால்? கோல் இல்லை, கோல் கிக். தன் வலைக்குள்ளேயே போனால்? கார்னர்.

● மைதானில் ஆடு மேயும். நாயும் குறுக்கே ஓடும். கோலை நோக்கிப் போகும் பந்தில் ஆடு முட்டிவிட்டால் என்ன செய்வது? வெளியார் குறுக்கீடு என்று விதி இதைச் சொல்கிறது. தடுப்பவர் பந்தை ஆட முடியாமல் அந்த ஆடு மறிக்கவில்லை, பந்தும் உள்ளே போய்விட்டது என்றால் கோல்தான். பந்து உள்ளே போகாவிட்டால் டிராப் பால். ஆட்டுக்கு அட்டை காட்ட முடியாது.

● பெரியவர்களின் சர்வதேச ஆட்டத்தில் இல்லாத சலுகைகள் பள்ளிக்கு உண்டு. ஆட்ட நேரத்தைக் குறைக்கலாம். வெளியே போனவனைத் திரும்ப இறக்கலாம். மஞ்சள் அட்டை காட்டிக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வைக்கும் தண்டனையும் உண்டு. அந்த நேரம் மொத்த ஆட்டத்தில் 10 முதல் 15 சதவீதம். எந்தச் சலுகை உண்டு என்பதைப் போட்டி நடத்துபவர்தான் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். நடுவர் அங்கேயே நினைத்துக்கொண்டு கொடுக்கக் கூடாது.

● கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கக்கூடிய நேரம் 2025 ஜூலையிலிருந்து 8 நொடி. மீறினால் எதிரணிக்குக் கார்னர். முன்பு 6 நொடி என்று இருந்தது. அதை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. இப்போது கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்ட வேண்டும்.

● 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. களத்தில் முரட்டு ஆட்டம்; இரு தரப்பிலும் தலா ஒருவர் வெளியேற்றப்பட்டனர். சூடு கேலரிக்குப் பரவி, அடிதடியிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அந்த நாளை ஐ.எஃப்.ஏ. கால்பந்து ரசிகர்கள் தினமாக ரத்த தான முகாமோடு அனுசரிக்கிறது. அன்று நடந்ததற்கு நடுவர் மட்டும் காரணம் என்று சொல்வது அநியாயம். ஆனால் ஆட்டம் கைமீறும் முன் தொடக்கத்திலேயே ஒரு மஞ்சள் அட்டை, கேப்டன்களோடு ஒரு பேச்சு என்று பயிற்சியில் அழுத்திச் சொல்வதன் அருமை, இதைப் படித்தால் புரியும்.

● உலகக் கோப்பைக் களத்தில் இந்திய வீரர் யாரும் இறங்கியதில்லை. ஒரு தமிழர் கொடியோடு இறங்கியிருக்கிறார். 2002-இல் உதவி நடுவராக நின்ற சென்னைக்காரர் கோமளீஸ்வரன் சங்கர். திண்டுக்கல் ரூபா தேவி 2016-இல் ஃபிஃபா நடுவரானார். ஃபிஃபாவின் நடுவர் பட்டியலில் சேர நடுவருக்கு 25 வயதும், உதவி நடுவருக்கு 23-உம் ஆகியிருக்க வேண்டும். ஆக, பள்ளி முடித்தவுடன் விசிலை எடுத்தால் ஏழெட்டு வருஷம் கையில் இருக்கிறது.

● பள்ளி அணிகளின் பெரிய கனவான சுப்ரதோ கோப்பை 1960-இல் டெல்லியில் தொடங்கியது. அந்தப் பெயருக்கு உரியவர், விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜி. கொல்கத்தாவில் பிறந்தவர்.

● தப்பாக ஊதிவிட்டோம் என்று தெரிந்தால் நடுவர் மாற்றிக்கொள்ளலாம், ஆட்டம் மறுபடி தொடங்காதிருக்கும் வரை. தொடங்கிவிட்டால் முடிந்தது. கோட்டோரம் நிற்கும் அப்பா செல்போனை நீட்டி ‘வீடியோ இருக்கு சார், பாருங்க’ என்பார். பார்க்கக் கூடாது.